குசினித் திறப்பு

குவைத்தில் யூசுப் என்று ஒரு பையன் இருக்கிறான். பத்து வயது. சப்பாத்து நாடாவைக் கட்டத் தெரியாது, தோடம்பழம் உரிக்கத் தெரியாது, குளித்தால் துவாயை எடுத்துத் துடைக்கத் தெரியாது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஈரம் சொட்டச் சொட்ட நிற்பான். யாராவது வந்து துடைத்துவிட வேண்டும். நாலு வருடமாக அந்த யாராவது, அங்கே வீட்டு வேலைக்குப் போன நிரோஜினிதான். சோற்றைப் பிசைந்து அவன் வாயில் வைப்பதும் அவள், புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வாகனம் வரைக்கும் போவதும் அவள். இவன் வளர்ந்து என்ன செய்யப் போகிறானோ என்று அவனுடைய ஏழு வயதில் ஒருநாள் பாவம் பார்த்து, ஒரு ஆப்பிளையும் மழுங்கல் கத்தியையும் அவன் கையில் கொடுத்துவிட்டாள். அவனுடைய தாய், மெடம், வீடு அதிரக் கத்தினாள். குழந்தையின் கையில் கத்தி கொடுப்பாயா, உனக்குப் பிள்ளை குட்டி இல்லையா என்று கேட்டாள்.

இருக்கிறது. திருகோணமலையில், துறைமுகத்தின் உள்கரையை ஒட்டிய ஒரு ஒழுங்கையில், அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் லக்சனா அந்த நேரம் சூரை மீனைத் துண்டு போட்டு, குடலை எடுத்து, மூன்று தண்ணீரில் கழுவிக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. இதை அரபியில் எப்படிச் சொல்வது? சொன்னாலும் அந்த மனுசி நம்பவா போகிறாள்? நிரோஜினி கத்தியை வாங்கிக் கழுவி வைத்தாள்.

சின்னவன் சுகிர்தனுக்கு இரண்டு வயது முடிந்து பதினேழாம் நாள் அவள் விமானம் ஏறியிருந்தாள். பிள்ளைகளைப் பார்க்க வீட்டில் ஒரு பெண் இருந்தால்தான் தாயை வெளிநாட்டுக்கு விடலாம் என்று பிரதேச அலுவலகத்தில் சொன்னார்கள். புருசனின் மூத்த அக்கா கமலாதேவி, நான் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டாள். மூன்று மாதம் இருக்கவும் செய்தாள். பிறகு முழங்கால் வருத்தம் வந்தது, பிறகு அவளுடைய மகளுக்குப் பிள்ளைப்பேறு வந்தது, அன்புவழிபுரத்துக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். பொங்கலுக்கும் சித்திரை வருடத்துக்கும் பலகாரத்தோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். கடதாசியில் மட்டும் அவள் இந்த வீட்டிலேயே படுத்து எழும்பிக்கொண்டிருந்தாள்.

புருசன் துவாரகனைக் குறை சொல்லவும் வழியில்லை. குடி கிடையாது, அடி கிடையாது. பொழுது படக் கடலுக்குப் போவான், விடிய வருவான், மீனைக் கொடுத்துவிட்டுப் படுத்தால் பின்னேரம்தான் எழும்புவான். எதைக் கேட்டாலும் அவனுக்கு ஒரே பதில்தான், பிள்ளை பார்த்துக்கொள்ளும் என்பான். எந்தப் பிள்ளையும் அப்படிச் சொல்லச் சொல்லப் பார்த்துக்கொள்ளத்தான் செய்யும், வேறு என்ன செய்யும்?

ஆகவே நிரோஜினி தன் பிள்ளைகளைத் தொலைபேசியில் வளர்த்தாள். யூசுப் குளிக்கும் தொட்டியில் தண்ணீர் நிரம்பும் இடைவெளியில்தான் அவளுக்கு நேரம். அந்தப் பக்கமிருந்து லக்சனா ஒவ்வொன்றாகக் கேட்பாள். சோறு குழைந்துவிட்டது, என்ன செய்வது? தம்பிக்குக் காதுக்குள் குத்துகிறது, என்ன விடுவது? ரத்தக் கறை எதில் போகும்? இவள் தொட்டியில் கையை விட்டுச் சூடு பார்த்தபடியே சொல்லுவாள்: பச்சைத் தண்ணியில ஊறப்போடு, சுடுதண்ணி மட்டும் படக்கூடாது, பிறகு சவுக்காரம் போடு. மீனோடு மாரடிக்கிற பிள்ளை, சட்டையில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வாள். மற்ற வீடுகளில் வேலை செய்த பெண்களிடம், என்ர மகள் ஒரு ஆளாய் நிண்டு வீட்டை நடத்துறாள் என்று பெருமையும் அடித்தாள். இப்போது நினைத்தால் அந்தப் பெருமைக்காகவே அவளுக்குத் தன் கன்னத்தில் அறைய வேண்டும்போல் இருக்கிறது.

ஆனி மாதம் இரண்டு மாத விடுமுறையில் வந்து இறங்கினாள். திரும்பிப் போவதென்றால் அலுவலகத்தில் மறுபடியும் வீட்டைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். உத்தியோகத்தர் வரும் திகதியும் குறித்தாயிற்று. ஆனால் விமானத்திலேயே அவள் மனதுக்குள் ஒரு முடிவு எடுத்துவிட்டாள். மகள் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் போதும். போகாதேங்கோ அம்மா என்று ஒரே ஒரு தரம் சொன்னால், கடவுச்சீட்டைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடுவாள். தானாக நிற்பதற்கு அவளுக்குத் துணிவில்லை. பிள்ளை கேட்டு நின்றேன் என்று சொல்ல வேண்டும், அதற்காகவே காத்திருந்தாள்.

முதல் நாள் விடிய எழும்பித் தேத்தண்ணி போடப் போனால் குசினி பூட்டியிருந்தது. குசினி வீட்டுக்குப் பின்னால் தனியாக இருந்தது. ஒழுங்கையில் காஸ் சிலிண்டர்கள் களவு போன காலத்தில் லக்சனா அதற்குப் பூட்டுப் போட்டிருந்தாள். திறப்பை வலை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள். கிணற்றடியில் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவள், தாயை வீட்டுக்கு வந்த ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். நீங்கள் கதிரையில இருங்கோ, இப்ப கொண்டுவாறன் என்றாள். கொண்டுவந்தாள். சீனி அளவாக இருந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை போட்ட தேத்தண்ணியைக் குடித்தபடி, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நிரோஜினி கதிரையில் இருந்தாள்.

வீடு அந்தப் பிள்ளையின் சட்டத்தில் ஓடியது. சுகிர்தனுக்கு ஆறு வயது. தானே குளித்தான், தானே சாப்பிட்டான், கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். தாய் சோற்றைக் குழைத்து வாயருகில் கொண்டுபோனபோது, யாரோ பகிடி விடுகிறார்கள் என்பதுபோல அக்காவைத் திரும்பிப் பார்த்தான். காலையில் அக்கா சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விடுவாள். பதினொன்றரைக்கு அவனுக்குப் பள்ளிக்கூடம் விடும்போது அவளுக்கு வகுப்பு இருக்கும். அதனால் தனியாகத்தான் நடந்து வருவான்.

"தனியவோ?" என்று நிரோஜினி கேட்டாள்.

லக்சனா விளக்கினாள். விடுமுறையில் ஒரு மாதம் பழக்கியிருக்கிறாள். முதல் கிழமை கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டாம் கிழமை பத்தடி பின்னால் நடந்து, மூன்றாம் கிழமை சந்தியில் நின்று பார்த்து, நாலாம் கிழமை வீட்டில் இருந்துகொண்டு. வழியில் மூன்று மதகு, மதகின் கட்டில் ஏறக்கூடாது. பெடியங்களோடு இறங்குதுறைக்குப் போகக்கூடாது. மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்றால் விசில் ஊத வேண்டும். ஒழுங்கை முனைக்கு வந்ததும், வந்துவிட்டேன் என்று இன்னொரு தரம் ஊத வேண்டும். சொன்னதை ஒரு நாளும் மீறமாட்டான் என்றாள், அதில் மட்டும் அவள் முகத்தில் கொஞ்சம் பெருமை தெரிந்தது.

இரண்டாயிரத்து ஆறில் நிரோஜினிக்குப் பதினாலு வயது. சண்டை மூண்ட அந்த வருடம் இந்த ஊரில் வெளியே போன ஆள் திரும்பி வருவது நிச்சயமில்லை. அவளுடைய தாய் அவளைக் கிணற்றடிக்குக்கூடத் தனியே விட்டதில்லை. கலியாணம் முடியும்வரை அவள் ஒரு தெருவைத் தனியாகத் தாண்டியவள் இல்லை. பிறகு போன இடத்திலோ பத்து வயதுப் பையனைப் படியிறக்கவும் ஒரு ஆள். இந்த இரண்டைத் தவிரப் பிள்ளை வளர்ப்பில் அவள் வேறொன்றும் கண்டதில்லை. சுகிர்தனின் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தாள். இனிமேல் நான்தான் வந்து கூட்டிப்போவேன், எவ்வளவு நேரமானாலும் கேற்றடியிலேயே நிற்க வேண்டும், நான் வராமல் ஒரு அடி எடுத்து வைக்கக்கூடாது என்று மூன்று தரம் சொன்னாள். அவன் மூன்று தரமும் தலையாட்டினான். லக்சனா தம்பியின் தலையைச் சீவிவிட்டாள்.

இரண்டாம் கிழமை அவள் தன் கத்தரிப்பூ நிறச் சேலையைத் தேடினாள். போகும்போது அலுமாரியில் விட்டுவிட்டுப் போனது. தாயின் மணம் இருக்கிறது என்று சின்னவனை அதில்தான் படுக்க வைக்கிறாள் மகள் என்று முதல் வருடம் துவாரகன் சொல்லியிருந்தான். அலுமாரியில் இல்லை, பெட்டியில் இல்லை. கடைசியில், மகள் தாய்க்காகத் திறந்துவைத்துவிட்டுப் போன குசினியில், அரிசி வாளிக்குப் பின்னால், பால்மாப் பேணி ஒன்றுக்குள் கிடைத்தது. சேலையாக இல்லை. சாண் அகலத் துண்டுகளாக வெட்டி, ஓரம் தைத்து, தோய்த்து, நான்காய் மடித்து அடுக்கியிருந்தது. பத்துப் பன்னிரண்டு துண்டுகள் இருக்கும். நிறம் மங்கியிருந்ததே தவிர ஒரு துண்டிலும் கறை இல்லை.

பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறாள். சுடுதண்ணீர் படாமல் பார்த்திருக்கிறாள். நிரோஜினி பேணியை மடியில் வைத்துக்கொண்டு குசினித் தரையில் அப்படியே இருந்துவிட்டாள்.

பள்ளிக்கூடத்தால் வந்த லக்சனா பேணியைக் கண்டாள், சைக்கிளைச் சுவரில் சாத்தினாள். அவள் முகத்தில் பயமும் இல்லை வெட்கமும் இல்லை. அகப்பட்டுவிட்டது, இனி என்ன செய்யலாம் என்ற யோசனை மட்டும்தான் இருந்தது.

"எப்ப பிள்ளை?"

"போன வருசம். ஆவணியில."

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"சொன்னனான்தானே. கறை என்னத்தில போகும் எண்டு கேட்டனான். நீங்கள் சொன்னியள்."

மகளே தொடர்ந்து சொன்னாள். சுகாதாரப் புத்தகத்தில் படித்திருந்ததால் பயமில்லையாம். மற்றப் பிள்ளைகளுக்கு மாமிமார் தண்ணீர் வார்ப்பதைப் பார்த்திருக்கிறாளாம். அதனால் விடியப்புறம் நாலு மணிக்குக் கிணற்றடிக்குப் போய்த் தானே இறைத்துத் தானே தலையில் வார்த்துக்கொண்டாளாம். மாமிக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, பெரிய ஆள் சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதுபோலப் பொறுமையாகச் சொன்னாள்.

"சொன்னா வீட்டுக்குள்ள இருத்திப்போடுவினம் அம்மா. பிறகு தம்பியை ஆர் பள்ளிக்கூடம் கொண்டுபோறது? ஆர் சந்தைக்குப் போறது?"

அன்று இரவு முழுக்க நிரோஜினி அழுதாள். நியாயமான அழுகைதான். ஆனால் அழுது முடித்து அவள் செய்த வேலை இருக்கிறதே, அதுதான் நியாயமில்லாதது. நேற்றுத்தான் பிள்ளை பெரியபிள்ளையானது என்று விடிந்ததும் ஊருக்குச் சொன்னாள். நாழிகை கேட்டவர்களுக்கு ஒரு நாழிகையையும் வாய் கூசாமல் சொன்னாள். மகளுக்குக் கிடைக்காமல் போனதெல்லாம் கிடைக்கட்டும் என்பது பாதி எண்ணம். மற்றப் பாதி அவ்வளவு சுத்தமில்லை. குமர்ப்பிள்ளையை விட்டுவிட்டு எப்படிப் போவாய் என்று நாலு பேர் கேட்பார்கள்; மகள் சொல்லாத சொல்லை ஊர் சொல்லிவிடும். அவள் எதிர்பார்த்தபடியே, கமலாதேவி முழங்கால் வருத்தத்தையும் மறந்து முச்சக்கர வண்டியில் வந்து இறங்கிய முதல் பேச்சே அதுதான்.

"இனி நீ எங்கயடி போறது? தாய் இல்லாமல் குமரை ஆர் காக்கிறது?"

நிரோஜினி தலையைக் குனிந்துகொண்டாள், உள்ளுக்குள் ஆறுதலாக இருந்தது. லக்சனாவை மட்டும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பதினொரு மாதத்துக்கு முன் தானே வார்த்துக்கொண்ட தண்ணீரை, மஞ்சளும் அறுகம்புல்லும் போட்டு மாமி மறுபடி வார்த்தபோது, அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். முன்னறையில் பாய் போட்டு, தலைமாட்டில் ஒரு இரும்புத் துண்டும் வேப்பிலையும் வைத்து அவளை இருத்தினார்கள். பதினொரு நாள் வெளியே வரக்கூடாது, ஆம்பிளைகள் கண்ணில் படக்கூடாது. இனிச் சைக்கிள் இல்லை, சந்தை இல்லை, கரைப் பக்கமே இல்லை. வீடு முழுவதையும் ஓட்டியவள், இப்போது வீட்டு முற்றத்தில் இறங்குவதற்கும் ஆள் துணை வேண்டியவளானாள். திறப்பைத் தா என்று நிரோஜினி கேட்டபோது, கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டு, தம்பிக்குப் பதினொன்றரைக்குப் பள்ளிக்கூடம் விடும் என்று மட்டும் ஞாபகப்படுத்தினாள்.

"எனக்குத் தெரியும். நீ பேசாமல் இரு பிள்ளை. இனி நான் இருக்கிறன்" என்றாள் தாய்.

முதல் இரண்டு நாளும் சரியாகத்தான் போய்க் கூட்டிவந்தாள். மூன்றாம் நாள் திரியாயிலிருந்து அவளுடைய சொந்தக்காரப் பெண்கள் பஸ் பிடித்து வந்தார்கள். நாலு வருடத்துக் கதை இருந்தது. பயற்றம்பணியாரமும் தேத்தண்ணியும் போய்க்கொண்டிருந்தன. மெடத்தின் நடையையும் யூசுப் கையை விரித்துக்கொண்டு நிற்பதையும் நிரோஜினி நடித்துக் காட்ட, பெண்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பத்து வயதிலயுமோ, அட கடவுளே என்று ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன் வீட்டில் இத்தனை பேர் நடுவில் தான் இருந்து சிரிப்பது நிரோஜினிக்கு அவ்வளவு சந்தோசமாக இருந்தது. மணிக்கூடு அதன் பாட்டுக்கு ஓடியது. முன்னறைக் கதவு மெல்லத் திறந்தது.

"அம்மா, தம்பி எங்க?"

இரண்டு மணியாகப் பத்து நிமிடம் இருந்தது.

நிரோஜினி எழும்புவதற்குள் லக்சனா வாசலைத் தாண்டிவிட்டாள். வராதே, வெளியில வராதே என்று கமலாதேவி கத்தினாள். பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாசலில் நின்ற ஆம்பிளைகள் விலக, சைக்கிளில் ஏறி மிதித்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்குப் பின்னால் நிரோஜினி செருப்பில்லாமல் ஓடினாள். கச்சான் காற்று நெருப்பாய் அடித்தது, தார் காலைச் சுட்டது.

பள்ளிக்கூடத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு வாகை மரம். இந்த ஊர்த் தெருக்களில் ஆடுமாடுபோலத் திரியும் மான்கள்கூட அதன் நிழலில்தான் படுத்திருந்தன. சுகிர்தன் கேற்றடியில், உச்சி வெயிலில், பை முதுகில் இருக்க நேராக நின்றான். காற்சட்டை நனைந்து காய்ந்திருந்தது. காவலாளி இரண்டு தரம் உள்ளே வந்து இருக்கச் சொன்னாராம், அம்மா நிற்கச் சொன்னவ என்று மாட்டேன் என்றுவிட்டானாம். மூன்று மதகும் தெரியும் அவனுக்கு, வீட்டுக்கு வரக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். சொன்னதை மீறக்கூடாது என்பதும் தெரியும்.

உதடு வெடித்திருந்தது. ஓடி வந்த தாயைப் பார்த்து, அவன் பாராட்டை எதிர்பார்த்தவனாகச் சொன்னான்.

"நான் ஒரு அடியும் வைக்கேல்ல அம்மா."

சொல்லிவிட்டு அக்கா நின்ற பக்கம் சரிந்தான். லக்சனா பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் சேலைன் ஏற்றினார்கள். காய்ச்சல் ஏறி ஒரு தரம் வலிப்பும் வந்தது. டொக்டர் தாயைப் பார்த்துத்தான் கேட்டார்: பிள்ளைக்கு முன்பு வலிப்பு வந்திருக்கிறதா, என்ன நிறை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது? நிரோஜினிக்கு யூசுப்பின் நிறை தெரியும். அவனுக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது என்பது தெரியும், எந்தப் பல் எப்போது விழுந்தது என்பதும் தெரியும். சொந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்டபோது மகளைத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் நின்ற லக்சனா பதில் சொன்னாள். மூன்று வயதில் ஒருமுறை வலிப்பு வந்தது, பதினெட்டுக் கிலோ, ஒரு மஞ்சள் பாணி மருந்து குடித்து உடம்பெல்லாம் தடித்தது என்று அதன் பெயரையும் சொன்னாள். அதன் பிறகு டொக்டர் நிரோஜினியைப் பார்த்துப் பேசவில்லை.

வார்டுக்கு வெளியே வாங்கில் இருவரும் இருந்தார்கள். மூன்று வயதில் அவனுக்கு வலிப்பு வந்தது நிரோஜினிக்கு அன்றுதான் தெரியும். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்கவும் பயமாக இருந்தது. அதற்கும் ஒரு பதில் இருக்கும். கடைசியில் துணிந்து, தான் காத்திருந்த சொல்லைத் தானே மகளின் வாயில் எடுத்துக் கொடுத்துப் பார்த்தாள்.

"நான் இனிப் போகேல்ல பிள்ளை. நிக்கப் போறன். என்ன சொல்லுறாய்?"

தம்பிக்கு ஜீவனித் தண்ணி குடுக்கிற நேரமாகுது என்று லக்சனா எழும்பி உள்ளே போனாள்.

சடங்கை அத்தோடு சுருக்கிக்கொண்டார்கள். தீட்டு நாளில் வெளியே போன பிள்ளை என்று கமலாதேவிக்கு மனத்தாங்கல். தலைக்குத் தண்ணீர் வார்த்துவிட்டு அன்புவழிபுரம் போய்விட்டாள். துவாரகன் மகனின் தலையைத் தடவிவிட்டுக் கடலுக்குப் போனான். ஒரு கிழமை கழித்து, சுகிர்தன் திரும்பப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய மூன்றாம் நாள் காலை, அறிக்கை எழுத உத்தியோகத்தர் வந்தாள். அதற்காக லக்சனா அன்று பள்ளிக்கூடம் போகவில்லை. வந்தவள் இளம்பெண். களைத்துப்போயிருந்தாள், ஆனால் கண் கெட்டிக்காரக் கண். வீட்டில் குமர்ப்பிள்ளை இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொண்டாள். பிள்ளையோடு தனியாகக் கதைக்க வேண்டும் என்றாள். நிரோஜினி குசினிப் பக்கம் போவதுபோல் போய்ச் சேலைத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். ஒரு வார்த்தை. இந்தப் பிள்ளை உள்ளதைச் சொன்னாலே போதும், அறிக்கை நின்றுவிடும், அவளும் நின்றுவிடுவாள். உள்ளதைச் சொல்லு பிள்ளை என்று மனதுக்குள் மன்றாடினாள்.

சமையல் யார் என்று உத்தியோகத்தர் கேட்டாள்.

"மாமி, மிஸ். கமலாதேவி மாமி. இண்டைக்குக் கோயிலுக்குப் போட்டா."

இரவில் யார் உங்களோடு படுப்பது? மாமிதான். அந்தா மூலையில் சுருட்டி வைத்திருப்பது மாமியின் பாய், பக்கத்தில் இருப்பது அவவின் எண்ணெய்ப் போத்தல். முழங்காலுக்கு நான்தான் தேய்த்துவிடுவேன். நிரோஜினி திரை இடுக்கால் பார்த்தாள். உண்மையாகவே மூலையில் ஒரு பாய் இருந்தது, எண்ணெய்ப் போத்தலும் இருந்தது, ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கூடும் இருந்தது. எப்போது எடுத்து வைத்தாள்? நாலு வருடமாக வருகிற போகிறவர்களுக்கெல்லாம் இந்தப் பாயைக் காட்டித்தான் இந்தப் பிள்ளை இந்த வீட்டை நிறுத்தி வைத்திருந்ததா?

உத்தியோகத்தர் எழுதிக்கொண்டே, குரலை இறக்கி, தாள் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டாள். அம்மா திரும்பிப் போவது உனக்கு விருப்பமா, பயப்படாமல் சொல்லு என்றாள்.

"ஓம் மிஸ். அம்மா போகட்டும்" என்றாள் லக்சனா. குரல் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

உத்தியோகத்தர் லக்சனாவின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு படலையைச் சாத்திவிட்டுப் போகும்போது பதினொரு மணி தாண்டியிருந்தது. நிரோஜினி திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. படத்தில் யூசுப். கண் சிவந்து, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. புதிதாக வேலைக்கு வந்தவளை அவன் கிட்ட எடுக்கிறான் இல்லையாம், நேற்று முழுக்கச் சாப்பிடவில்லையாம், இவள் எப்போது வருவாள் என்று அரபியில் விக்கி விக்கிக் கேட்டான். பிறகு காலைத் தூக்கிச் சப்பாத்தைத் தொலைபேசிக்கு முன்னால் காட்டினான். நாடா இரண்டு பக்கமும் தொங்கியது.

லக்சனா தாயின் தோளுக்கு மேலால் பார்த்தாள். அவளுக்கு மொழி விளங்காது, ஆனால் நாடா விளங்கியது. அந்த முகத்தில் முதல் தரமாக ஒரு இரக்கம் வந்ததை நிரோஜினி கண்டாள். நாலு வருடமாகத் தன் தாயை வைத்திருக்கிற பையன் மேல் அந்தப் பிள்ளைக்குக் கோபம்கூட இல்லை.

"இவ்வளவு பெரிய பிள்ளை. பாவம் அம்மா, அவனுக்கு ஒண்டும் தெரியாது. எங்களுக்குத் தெரியும்தானே. நீங்கள் அவனிட்டப் போங்கோ."

சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். எதற்கு நீட்டுகிறாள் என்று நிரோஜினிக்கு விளங்க ஒரு கணம் சென்றது. இடுப்பில் செருகியிருந்த குசினித் திறப்பை எடுத்தாள். அதைக் கொடுத்தால் எல்லாம் முடிந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. கொடுக்காவிட்டால் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. கொடுத்தாள். லக்சனா வலை நூலைத் தலைவழியே போட்டுச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, அரிசி கழுவப் போனாள்.

மணிக்கூட்டைப் பார்த்து நிரோஜினி பதறி எழும்பினாள். பதினொன்றரை. செருப்பைத் தேடினாள்.

"இருங்கோ அம்மா, வெயில். அவன் வருவான்" என்று குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது.

அலுமாரியைத் திறந்து பார்த்தாள். அவள் வைத்த இடத்தில் விசில் இல்லை. கதிரையில் வந்து இருந்தாள். கால் மணி நேரம் போனது. ஒழுங்கை முனையில் விசில் ஒரு தரம் ஊதியது. குசினிக்குள் லக்சனா இன்னொரு கோப்பையை எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது.